நிலையாமை யாருக்குச் சொன்னது?

(கல்லூரித் தமிழ் மன்றம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'நிலையாமை' என்று நான் தலைப்புச் சொன்னதும் உங்கள் மன்றச் செயலாளர் சற்றே தயங்கினார். "ஐயா, ஆண்டு விழா நாளாயிற்றே" என்றார். அவர் தயங்கியதில் நியாயம் இருக்கிறது. இந்தச் சொல்லை இன்று நாம் எங்கே கேட்கிறோம்? இரங்கல் கூட்டத்தில் கேட்கிறோம். கருமாதிப் பத்திரிகையில் படிக்கிறோம். எரியூட்டிவிட்டுத் திரும்பும் வழியில் யாராவது ஒருவர் பெருமூச்சோடு சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள், தெருமுனைக்கு வந்ததும் பேச்சு பேருந்து நேரத்துக்குப் போய்விடும். அப்படிச் சாவு வீட்டோடு ஒட்டிப்போன சொல்லை விழா மேடைக்கு ஏன் கொண்டுவந்தேன் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். 'நில்' என்பது வேர். நிலை, நிலையம், நிலுவை எல்லாம் அந்தக் குடும்பம். நிலையுதல் இல்லாத தன்மை நிலையாமை. ஒரு மனிதன் இன்று ஒன்று, நாளை ஒன்று என்று மாறினால் அவனை 'நிலையில்லாதவன்' என்கிறோம். மனம் 'நிலைகொள்ளவில்லை' என்கிறோம். வடமொழி வழியாக வந்த சபலம், சஞ்சலம், சலனம் மூன்றுமே அடியில் அசைவைக் குறித்தவை. தமிழில் குடியேறிய பிறகு சபலம் ஆசைக்கு வழுக்கும் பலவீனமாயிற்று, சஞ்சலம் கவலையாயிற்று, சலனம் ஒரு காலத்தில் சினிமாவுக்கே பெயராகி 'சலனப்படம்' என்று வழங்கிற்று. இவையெல்லாம் மனிதனையும் அவன் மனத்தையும் பற்றியவை. நிலையாமை என்ற சொல்லை நம் பழைய நூல்கள் எடுக்கும்போது பெரும்பாலும் மனிதனைக் குறை சொல்ல எடுப்பதில்லை. அது உலகத்தின் குணம். செல்வத்தின் குணம், இளமையின் குணம், உடம்பின் குணம்.

பௌத்தர்கள் இதையே பாலி மொழியில் அனிச்சம் என்றார்கள். நம்மிடமும் ஓர் அனிச்சம் உண்டு. மோந்து பார்த்தாலே வாடிவிடும் என்று வள்ளுவர் சொல்லும் பூ. இரண்டும் ஒலியால் ஒத்துப்போவது தற்செயல்தான். மாணவர்கள் யாரும் இதை வைத்து ஆய்வுக் கட்டுரை எழுதிவிட வேண்டாம்.

திருக்குறளில் நிலையாமை 34ஆம் அதிகாரம். அதற்கு முன்னே வரிசையாக என்ன இருக்கின்றன என்று பாருங்கள். கள்ளாமை, நடுவில் வாய்மை, பிறகு வெகுளாமை, இன்னாசெய்யாமை, கொல்லாமை. அடுத்து நிலையாமை. ஒரே அச்சில் வார்த்த சொற்கள் போலக் காதில் விழுகின்றன. ஆனால் முன்னவை நாம் செய்யாமல் இருக்க வேண்டியவை. மனம் வைத்தால் நம்மால் முடிபவை. நிலையாமையில் செய்யாமல் இருப்பது நாம் அல்ல, உலகம். நிற்க மாட்டேன் என்கிறது உலகம். அதை நாம் அறியத்தான் முடியும். பரிமேலழகர் துறவறவியலை விரதம், ஞானம் என்று இரண்டாகப் பிரித்து, கொல்லாமையோடு விரதத்தை முடித்து, நிலையாமையில் ஞானத்தைத் தொடங்குகிறார். இந்தக் கோட்டை மிகச் சரியான இடத்தில் கிழித்திருக்கிறார்.

அந்தப் பத்துக் குறளையும் இன்னொரு முறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். கூத்து மேடைக்கு முன் கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வதுபோலச் செல்வம் வரும், கூத்து முடிந்ததும் ஒரேயடியாகக் கலைவதுபோலப் போய்விடும் என்கிறார். ஒருநாள் என்று நாம் எண்ணுவது உயிரை அறுக்கும் வாள் என்கிறார். நேற்று இருந்தவன் இன்று இல்லை என்பதை உலகத்தின் 'பெருமை' என்கிறார். உரையாசிரியர் அதை மிகுதி என்று பொருள்கொண்டு கடந்துபோகிறார், எனக்கென்னவோ வள்ளுவர் உதட்டோரம் சிரிப்பது தெரிகிறது. உடம்புக்குள் உயிர் ஒதுங்கியிருப்பதைத் 'துச்சில்' என்ற ஒரே சொல்லில் வைக்கிறார். வாடகை வீட்டில் குடியிருப்பவர்களுக்கு அதற்கு உரை வேண்டாம். இத்தனையும் சொன்னவர் இந்தப் பத்தில் எங்காவது 'ஆகவே துறந்துவிடு' என்கிறாரா? இல்லை. செல்வம் நில்லாதது, ஆகவே கிடைத்த உடனே நிலைக்கும் காரியங்களைச் செய் என்கிறார். நாக்கு அடங்கி விக்கல் எழுமுன் நல்வினையை முந்திக்கொண்டு செய் என்கிறார். துறவு அடுத்த அதிகாரத்தில்தான் வருகிறது. நிலையாமை அதற்கு வாசற்படியாக இருக்கலாம். அதுவே வீடு ஆகாது.

இங்கேதான் நான் சொல்ல வந்த செய்தி தொடங்குகிறது. நிலையாமை என்பது தன்னளவில் எந்தக் கட்டளையும் இடாத சொல். எதுவும் நிற்காது என்று மட்டும் சொல்லும். அதற்குப் பின்னால் வரும் 'ஆகவே'யில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த 'ஆகவே' தமிழில் ஒன்றல்ல. அதைவிட முக்கியம், அந்தச் சொல்லை யார் யாரிடம் சொன்னார்கள் என்பது.

சங்க காலத்துக்குப் போவோம். தொல்காப்பியர் நிலையாமைக்கு ஒரு திணையையே ஒதுக்கியிருக்கிறார். அதன் பெயர் காஞ்சி. பின்னால் வந்த புறப்பொருள் வெண்பாமாலையில் காஞ்சி என்றால் படையெடுத்து வந்தவனை எதிர்த்து நின்று மண்ணைக் காக்கும் போர். நிலையாமைக்கு வைத்த பெயரே எதிர்த்து நிற்பதற்கும் பெயரானது விந்தைதான். அந்த வழக்குக்குள் இன்று போகவில்லை. காஞ்சிக்கு நமக்குக் கிடைத்திருக்கும் பெரிய இலக்கியம் மதுரைக்காஞ்சி. 782 அடி. பத்துப்பாட்டிலேயே நீளமான பாட்டு.

பாடியவர் மாங்குடி மருதனார். கேட்டவன் தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன். இந்த இருவர் உறவைப் புரிந்துகொள்ளப் புறநானூற்றின் 72ஆம் பாட்டைப் பார்க்க வேண்டும். சின்ன வயதில் பட்டத்துக்கு வந்தவன். இவனென்ன சிறுபிள்ளை என்று மற்ற மன்னர்கள் இளக்காரம் பேசினார்கள். அப்போது அவன் இட்ட வஞ்சினம் அந்தப் பாட்டு. போரில் இவர்களை வெல்லாவிட்டால் மாங்குடி மருதனைத் தலைவனாகக் கொண்ட புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் போகட்டும் என்கிறான். சேரன், சோழன், வேளிர் ஐவர் என்று ஏழு பேரைத் தலையாலங்கானத்தில் வென்றும் காட்டினான். எந்தப் புலவனின் பாட்டை வைத்து ஆணையிட்டானோ, அந்தப் புலவர்தான் வெற்றிக்குப் பிறகு எதிரே நின்று இது எதுவும் நிற்காது என்று அவனிடம் சொல்கிறார். தோற்றவனிடம் சொல்லவில்லை. நோயாளியிடம் சொல்லவில்லை. வென்று முடித்துப் புகழின் உச்சியில் இருக்கும் இளைஞனிடம் சொல்கிறார். சொல்லத் துணிவு வேண்டும். கேட்கவும் மனம் வேண்டும்.

எப்படிச் சொல்கிறார்? இதுதான் வியப்பு. உலகத்தை ஆண்டு மறைந்தவர்கள் கடற்கரை மணலைவிட அதிகம் என்று ஓரிடத்தில் சொல்கிறார். இப்படி நேராக நிலையாமை பேசும் அடிகள் அந்த நீண்ட பாட்டில் சிலவே. மற்றபடி பாட்டு முழுக்க நாடும் நகரமும். ஐந்து நிலங்கள், வையை, நாளங்காடியின் இரைச்சல், விதவிதமான கொடிகள், பௌத்தப் பள்ளி, சமணப் பள்ளி, அந்தணர் பள்ளி, வழக்குத் தீர்க்கும் அறங்கூறவையம், பொழுது சாய்ந்ததும் அல்லங்காடி, நடுயாமத்தில் கறுப்பு உடுத்துத் திரியும் கள்வர், அவர்களைத் தேடும் காவலர், விடியலில் ஊர் மறுபடி எழுவது. ஒரு பகல், ஓர் இரவு, ஒரு விடியல் என்று மதுரை நம் கண்ணெதிரே ஓடுகிறது. நிலையாமை சொல்ல வந்தவருக்கு இத்தனை கடைவீதி எதற்கு? என் எண்ணம் இது: கையில் இருப்பது என்ன என்று முழுதாகக் காட்டினால்தான், அது நிற்காது என்ற சொல்லுக்கு எடை வரும். வெறுங்கையைக் காட்டி நிலையாமை பேசினால் அது வெறும் பேச்சு.

உரைகாரர் நச்சினார்க்கினியர் இதை வீடுபேற்றுக்காகச் சான்றோர் சாற்றும் நிலையாமை என்று கொள்கிறார். பெரியவர் சொல்லை மறுக்கத் தயக்கம்தான். ஆனாலும் பாட்டு முடிகிற இடத்தைப் பாருங்கள். அணிகலன் பூண்ட மகளிர் பொற்கிண்ணத்தில் மணக்கும் தேறலைத் தர, நாளும் மகிழ்ந்து, உனக்கென்று வரையறுத்த வாழ்நாளை இனிதாக வாழ் என்று அரசனை வாழ்த்தி முடிக்கிறார் மருதனார். மதுக்கிண்ணத்தில் முடிகிறது நிலையாமைப் பாட்டு! முன்னோர் செய்த வேள்வியையும் நல்லாசிரியர் கூட்டத்தையும் நினைவூட்டத் தவறவில்லை. ஆனால் அரியணையை விட்டு இறங்கிக் காட்டுக்குப் போ என்று அவர் சொல்லவில்லை.

இதே நெடுஞ்செழியனிடம் இன்னொரு புலவரும் போனார். குடபுலவியனார், புறநானூறு 18. மறுமைச் செல்வம் வேண்டுமா, மற்றவர் தோள்வலியை அடக்கித் தனியாட்சி செய்ய வேண்டுமா, நிற்கும் புகழ் வேண்டுமா, மூன்றுக்கும் வழி ஒன்றுதான் என்கிறார். நீர் இல்லாமல் இந்த உடம்பு இல்லை. உடம்பு உணவால் நிற்பது. உணவு என்பது நிலத்தோடு சேர்ந்த நீர். ஆகவே பள்ளமான இடம் பார்த்து நீரைத் தடுத்துக் குளம் அமை. இது எவ்வளவு தரையில் கால் ஊன்றிய 'ஆகவே' பாருங்கள்! உடம்பு தானாக நிற்காது என்ற அதே உண்மையிலிருந்து நீர்ப்பாசனத்துக்கு வந்துவிடுகிறார். ஏரி குளங்களைத் தூர்த்துக் கட்டடம் கட்டும் நம் காலத்தில் இந்தப் பாட்டை வருவாய்த் துறை அலுவலகங்களில் எழுதி மாட்டலாம்.

அடுத்து இரண்டு பறைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்றைய பேச்சில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

பக்குடுக்கை நன்கணியார் என்றொரு புலவர், புறநானூறு 194. ஒரு வீட்டில் சாப்பறை ஒலிக்கிறது; அதே நேரம் இன்னொரு வீட்டில் மணமுழவு முழங்குகிறது. ஒரு வீட்டில் கணவனோடு கூடியவள் பூச்சூடி நிற்கிறாள். இன்னொரு வீட்டில் பிரிந்தவள் கண்ணீர் வடிக்கிறாள். இப்படிப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று கடவுளையே ஏசிவிடுகிறார். உலகம் கொடியது என்கிறார். அதன் பிறகு, அதன் இயல்பை அறிந்தவர்கள் இனியவற்றைத் தேடிக் கண்டுகொள்ளட்டும் என்று முடிக்கிறார்.

பல நூற்றாண்டு கழித்து நாலடியார் வருகிறது. சமண முனிவர்கள் பாடியதாக மரபு சொல்லும் 400 வெண்பா. தொடக்கத்திலேயே செல்வம் நிலையாமை, இளமை நிலையாமை, யாக்கை நிலையாமை என்று மூன்று அதிகாரம். அங்கேயும் மணப்பறை ஒன்று ஒலிக்கிறது. ஆனால் நாலடியார் இரண்டு வீடுகளைக் காட்டவில்லை. வீடு ஒன்றுதான், நாளும் ஒன்றுதான். மணமக்களுக்காக அடித்த பறையே அதே இடத்தில் பிணப்பறையாக மாறிவிடும் என்பதை எண்ணி, மேலோர் உய்யும் வழியில் மனத்தைச் செலுத்துவர் என்கிறது பாட்டு.

மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கருவி ஒன்று, உண்மை ஒன்று. நன்கணியார் இரண்டு வீட்டையும் ஒரே நேரத்தில் கேட்டார். துக்கம் எங்கோ இருக்கும்போதே சந்தோஷமும் எங்கோ இருக்கிறது என்பது அவர் கணக்கு. நாலடியார்ப் புலவர் சந்தோஷத்துக்கு உள்ளேயே துக்கத்தைக் கேட்டார். ஆகவே அவர் 'இனிமை தேடு' என்றார், இவர் 'தப்பித்துக்கொள்' என்கிறார். இருவரில் யார் சரி என்று என்னைக் கேட்டால், கவிதையாக நாலடியார் கூர்மையானது. வாழ்வதற்கு நன்கணியார் போதும். நாலடியாரையும் ஒரேயடியாகத் துறவு நூலாக்கிவிட வேண்டாம். வண்டிச் சக்கரம்போலச் செல்வம் உருளும், ஆகவே இருக்கிறபோது பலரோடு சேர்ந்து உண் என்று சொல்வதும் அந்த முதல் அதிகாரம்தான்.

அகப்பாட்டில் இந்தச் சொல் செய்யும் வேலையே வேறு. பாலைக்கலியில் பொருள் தேடக் கிளம்பும் தலைவனைத் தோழி தடுக்கிறாள். என்ன வாதம்? ஒரே துணியை இரண்டாகக் கிழித்து ஆளுக்குப் பாதி உடுத்தும் வறுமையிலும், சேர்ந்து வாழ்வதுதான் வாழ்க்கை. போன இளமையை எந்தச் செல்வமும் திருப்பித் தராது. இளமை நிலையாமை என்று நாலடியார் அதிகாரம் வைத்து எந்த உண்மையைச் சொல்லிப் பெண்ணாசையை விடச் சொன்னதோ, அதே உண்மையைச் சொல்லி இந்தத் தோழி ஒருவனைப் பெண்ணின் பக்கத்தில் இருக்கச் சொல்கிறாள். வழக்கறிஞர் இருவர் ஒரே சாட்சியை எதிரெதிராகப் பயன்படுத்துகிறார்கள்.

'ஆகவே' என்றே ஒன்றும் சொல்லாத பாட்டும் உண்டு. தொடித்தலை விழுத்தண்டினார் பாடியது, புறநானூறு 243. பூண் பிடித்த தடியை ஊன்றி, பேச்சுக்கு நடுவே இருமும் கிழவர், மருத மரக்கிளையிலிருந்து மடுவில் தொப்பென்று குதித்து அடிமணலை அள்ளிவந்து காட்டிய தம் சிறுவயதை நினைக்கிறார். அவ்வளவுதான். அறம் எதுவும் சொல்லவில்லை. அது எங்கே போயிற்றோ என்று இரங்குவதோடு சரி. இளமை நிலையாமை பற்றித் தமிழில் எழுதிய எல்லாவற்றிலும் இதை நான் முதலில் வைப்பேன்.

இன்னொரு சொல்லையும் தொட்டுவிட்டுப் போகிறேன்: மன். 'மன்னுதல்' என்றால் நிலைத்திருத்தல். நிலைக்காத உலகில் நிலைக்க நினைத்தவர்கள் புகழை நட்டுவிட்டுத் தாம் மாய்ந்தார்கள் என்று பெருந்தலைச் சாத்தனார் குமணனைப் பாடும்போது இந்தச் சொல்லைத்தான் எடுக்கிறார். நாட்டைத் தம்பியிடம் இழந்து காட்டில் இருந்த குமணன், கொடுக்க வேறு ஒன்றும் இல்லாமல் தன் தலையை வெட்டிக்கொண்டுபோய்ப் பரிசு பெறும்படி அவரிடம் வாளை நீட்டினான் அல்லவா, அந்தப் பாட்டில். ஆனால் 'மன்' இடைச்சொல்லாக வரும்போது அதன் பொருள்களில் ஒன்று கழிவு என்கிறார் தொல்காப்பியர், போயிற்று என்பது. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டில், அவன் கள் கொடுத்தது, சோறு கொடுத்தது, நரந்தம் மணக்கும் கையால் தலையைத் தடவியது என ஒவ்வொன்றையும் அந்த 'மன்'னில்தான் முடிக்கிறார். நிலைத்திருப்பதற்கும் 'மன்', போய்விட்டதற்கும் 'மன்'. இரண்டும் ஒரே வேரா என்ற சண்டைக்கு நான் வரவில்லை.

காப்பிய காலத்தில் அறிவுரை இன்னும் வெளிப்படையாகிறது. சிலப்பதிகாரத்தின் நடுகற்காதையில் மாடலன் என்னும் மறையவன் சேரன் செங்குட்டுவனிடம் பேசுகிறான். ஐம்பது ஆண்டு ஆண்டாய். போர்க்கள வேள்வியே செய்துகொண்டிருக்கிறாய். செல்வம் நில்லாது, இளமை நில்லாது, உடம்பு நில்லாது. ஆகவே அறக்கள வேள்வி செய். அரசனும் ஒப்புக்கொள்கிறான். திருமூலர் முதல் தந்திரத்தில் நிலையாமையை நான்கு தலைப்பில் பாடுகிறார். ஊர் கூடி அழுது, பெயரை எடுத்துவிட்டுப் பிணம் என்று பெயரிட்டு, சுட்டுவிட்டு, குளித்துவிட்டு, நினைப்பையும் அங்கேயே விட்டுத் திரும்புவதை அவரளவுக்கு இரக்கமில்லாமல் யாரும் சொன்னதில்லை. அவரேதான் பின்னால் மூன்றாம் தந்திரத்தில், உடம்பை இழிவென்று நினைத்திருந்தேன், உள்ளே உத்தமனைக் கண்டபின் அதைப் பேணிக் காக்கிறேன் என்கிறார். முன்னதை மட்டும் மனப்பாடம் செய்த நாம் பின்னதை உடற்பயிற்சி விளம்பரத்துக்கு விட்டுவிட்டோம்.

இத்தனை 'ஆகவே' இருந்த சொல் எப்படிச் சாவு வீட்டுக்குள் சுருங்கிற்று? ஒரு காரணம் எனக்குத் தோன்றுகிறது. குறளும் நாலடியும் நல்வழியும் பட்டினத்தார் பாடலும் பள்ளி வழியாகவும் பண்டாரங்கள் வாய்வழியாகவும் தொடர்ந்து நம்மிடம் வந்துகொண்டிருந்தன. சங்கப் பாட்டுகள் அப்படி வரவில்லை. ஏட்டுக் கட்டுகளில் கிடந்தன. சி.வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையை 1887இல் அச்சிட்டார். உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889இலும் புறநானூற்றை 1894இலும் அச்சிட்டார். மதுக்கிண்ணத்தில் முடியும் நிலையாமையும், குளம் வெட்டச் சொல்லும் நிலையாமையும், பிரியாதே என்று கெஞ்சும் நிலையாமையும் பொதுப் படிப்புக்கு வந்து ஒன்றரை நூற்றாண்டுகூட ஆகவில்லை. அதற்குள் சொல்லுக்கு ஒரு முகம்தான் என்று பழகிவிட்டது.

இதில் எனக்கு ஒரு கோபமும் உண்டு. காஞ்சிப் பாட்டு அரசனிடம் பாடப்பட்டது. நெடுஞ்செழியன், செங்குட்டுவன் என்று கேட்டவர்கள் எல்லாம் கையில் நாடும் படையும் பொன்னும் வைத்திருந்தவர்கள். இழக்க ஏதாவது உள்ளவனிடம் சொன்னால்தான் நிலையாமைக்குப் பொருள். பிற்காலத்தில் அதே சொல் கீழ்நோக்கி இறங்கியது. கூலி கேட்டவனிடமும், நிலம் பறிபோனவளிடமும், 'எதுவும் நிலையில்லை, மனசைத் தேற்றிக்கொள்' என்று சொல்லப்பட்டது. 'ஆகவே கொடு' என்றிருந்தது 'ஆகவே பொறு' என்றாயிற்று. எதுவுமே இல்லாதவனுக்குச் செல்வ நிலையாமை கற்பிப்பதைவிட அபத்தம் வேறில்லை. இந்தச் சொல்லை இனி யாராவது உங்களிடம் சொன்னால், சொல்பவர் கையில் என்ன இருக்கிறது, கேட்கும் உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். மாங்குடி மருதனார் அந்த ஒழுங்கை மீறவில்லை.

மாணவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் தேர்வுக்கு 34ஆம் அதிகாரமும் நாலடியார்ப் பாட்டு இரண்டும் போதும், மதிப்பெண் வந்துவிடும். ஆனால் இந்த விடுமுறையில் மதுரைக்காஞ்சியை எடுத்துப் படியுங்கள். முதலில் கடினமாக இருக்கும். நாளங்காடி வந்துவிட்டால் பாட்டே உங்களை இழுத்துக்கொண்டு போகும். ஐயரவர்கள் பதிப்பு உங்கள் கல்லூரி நூலகத்தில் இருக்கிறது; வரும் வழியில் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.